பத்தடி தூரத்துக்கு ஏன் இந்தச் சுற்றுப்பயணம்?

'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்ற எச்சரிக்கை வராத கைபேசி இன்று அபூர்வம். பேத்தியின் நடன நிகழ்ச்சியைப் படம்பிடிக்க வேண்டுமென்றால் போன வருடக் கோயில் திருவிழாவை அழித்தாக வேண்டும். இல்லையென்றால் மாதாமாதம் பணம் கட்டி இடம் வாங்க வேண்டும். அதே வீட்டில், அதே கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. அதன் ஹார்டு டிஸ்க் பாதிக்கு மேல் காலி. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. ஆனாலும் கைபேசியில் எடுத்த படம் அந்தக் கணினிக்கு வர, எங்கோ தொலைவில் உள்ள தரவு மையத்துக்கு ஏறிப் போய், அங்கிருந்து இறங்கி வர வேண்டியிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் செலவாவது நம் டேட்டா. அங்கே தங்கும் இடத்துக்கு வாடகை கட்டுவதும் நாம்.

நேர்வழி இல்லாமல் இல்லை. கம்பி இல்லாமல், இணையத்தையே தொடாமல், கைபேசியிலிருந்து கணினிக்கு வீட்டுக்குள்ளேயே கோப்புகளை அனுப்பவும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைத்திருக்கவும் பல வருடங்களாகத் தொழில்நுட்பம் இருக்கிறது. அது நேற்று வேலை செய்திருக்கும், இன்று செய்யாது. ஏன் என்று பார்த்தால் திரையில் 'கருவி எதுவும் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரி. அந்த வரியைப் பலமுறை பார்த்துச் சலித்துப்போய்ச் சந்தா கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். தங்களுக்குக் கம்ப்யூட்டர் விஷயம் புரியாது என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். நொந்துகொள்ளத் தேவையே இல்லை. இந்தத் தடங்கலுக்கான காரணங்கள் மிகச் சில, எல்லாமே கண்டுபிடிக்கக்கூடியவை. அவற்றைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் சொல்வதில்லை என்பதுதான் குறை.

ஒரே நாளில் வந்த இரண்டு வசதிகள்

1996-ல் பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முகவரி, நாட்காட்டி, குறிப்புகள் இவற்றுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால், அதை நிறுத்தி வைக்கும் தாங்கியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கருவியில் மாற்றியது கணினிக்குப் போகும், கணினியில் மாற்றியது கருவிக்கு வரும். நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லை, சந்தாவும் இல்லை. அதே 1996-ல்தான் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். இரண்டு கணினிகளில் உள்ள ஒரே கோப்பை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் உத்தி அதில் இருந்தது. ஆக, இரு கருவிகளை ஒத்துப்போக வைக்கும் அடிப்படைக் கணக்கு அப்போதே போடப்பட்டுவிட்டது.

கம்பியை எடுத்துவிடும் முயற்சி பின்னால் வந்தது. 2010-ல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழக மாணவர் கிரெக் ஹியூஸ், ஐபோனை வைஃபை வழியாகவே கணினியில் உள்ள ஐடியூன்ஸோடு ஒத்திசைக்கும் செயலியை எழுதி ஆப்பிளிடம் கொடுத்தார். ஆப்பிள் அதைத் தன் ஆப் ஸ்டோரில் ஏற்க மறுத்தது. அவர் சிடியா என்ற மாற்றுக் கடையில் விற்றார். அடுத்த ஆண்டு ஆப்பிளே அந்த வசதியை அதே பெயரில், ஏறக்குறைய அதேபோன்ற சின்னத்தோடு அறிமுகப்படுத்தியது.

அது பயனர்கள் கைக்கு வந்த நாள் 2011 அக்டோபர் 12. ஐஓஎஸ் 5 வெளியான நாள். அதே நாளில், அதே மென்பொருளோடு இன்னொன்றும் வந்தது: ஐகிளவுட். ஒன்று வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் வழி. மற்றது நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும் வழி. 5 ஜிபி வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம். அதன் பிறகு கைபேசிகளின் கேமராக்கள் எங்கேயோ போய்விட்டன. இன்று ஒரு நிமிட 4கே வீடியோ 400 எம்பி வரை இடம் பிடிக்கிறது. இலவச அளவு மட்டும் அதே 5 ஜிபியில் நிற்கிறது. வைஃபை ஒத்திசைவும் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் முறை கேபிளில் செருகி, கணினியில் அதற்கான கட்டத்தில் டிக் அடித்தால்தான் அது உயிர்பெறும். இன்று ஐபோன் வாங்கும் எத்தனை பேருக்கு அப்படியொரு கட்டம் இருப்பதே தெரியும்?

ஆண்ட்ராய்டு பக்கமும் கதை வேறல்ல. 2015-ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது, சற்றே சுருக்கிய படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அந்த ஆறு வருடங்களில் படங்களைக் கணினிக்கு மாற்றி வைக்கும் பழக்கமே நம் வீடுகளிலிருந்து போய்விட்டது.

இதில் சதி எதுவும் இல்லை. ஒரு வழியில் மாத வருமானம் வருகிறது, மற்றதில் வருவதில்லை. எந்த வழியைச் செப்பனிடப் பொறியாளர்களை ஒதுக்குவார்கள், எந்த வழியை அப்படியே விட்டுவிடுவார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர்

வீட்டில் இரு கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது, தெருவில் நின்று 'இங்கே முருகேசன் யாருப்பா?' என்று குரல் கொடுப்பதைப் போன்றதுதான். கைபேசியில் உள்ள செயலி, அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோரும் கேட்கும்படி ஒரு பொது முகவரிக்குக் கேள்வி அனுப்புகிறது. பல செயலிகளுக்கு அந்த முகவரி 224.0.0.251, போர்ட் எண் 5353. ஆப்பிளின் பொறியாளர்கள் ஸ்டூவர்ட் செஷைரும் மார்க் குரோக்மலும் எழுதிய இந்த முறை 2013-ல் பொதுத் தரமாக வெளியானது. குரலைக் கேட்ட கணினி 'நான்தான்' என்று பதில் கொடுத்தால் கதை முடிந்தது. ஆனால் இந்தக் குரல் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. போகக் கூடாது என்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பாதிச் சிக்கல் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

திருச்சி உறையூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய மாமியார் பாடிய நலங்குப் பாட்டுகளை எல்லாம் கைபேசியில் பதிவுசெய்து வைத்திருக்கிறார். அச்சில் எங்கும் பார்க்காத பாட்டுகள் என்பார். அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் ஊருக்கு வந்தபோது ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அது சில நாள் வேலை செய்தது, சில நாள் செய்யவில்லை. "ரெண்டும் நம்ம வீட்டு நெட்டுதானே தம்பி? அப்புறம் எதுக்கு ஒண்ணுக்கொண்ணு தெரியலைங்குது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கீழே கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஃபைபர் நிறுவனம் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று மகன் தனியாக வாங்கி மாட்டிய இன்னொரு ரவுட்டர் மாடி அறையில். குழப்பம் வேண்டாமென்று இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தான். கணினி மாடியில் இருந்தது. கீழே உட்கார்ந்து கைபேசியின் வைஃபை விவரத்தைத் திறந்தால் ஐபி முகவரி 192.168.1.7 என்று காட்டியது. மாடிக்குப் போய்க் கணினியில் பார்த்தால் 192.168.0.104. மூன்றாவது எண்ணைக் கவனிக்க வேண்டும்: ஒன்றில் 1, மற்றதில் 0. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு நெட்வொர்க்குகள். டீச்சர் கைபேசியோடு மாடிக்கு வந்தால் அது மாடி ரவுட்டரைப் பிடித்துக்கொள்ளும், ஒத்திசைவு நடக்கும். கீழே போனால் கூடத்துப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும், நின்றுவிடும். இரண்டு இடத்திலும் இணையம் மட்டும் குறைவில்லாமல் வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாடி ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற முறைக்கு மாற்றினால் போதும். அது தனி நெட்வொர்க் நடத்துவதை விட்டுவிட்டு, கீழே உள்ள பெட்டியின் நீட்சியாக மட்டும் இயங்கும். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால், கீழிருந்து வரும் கேபிளை 'வான்' துளையிலிருந்து எடுத்து 'லான்' துளையில் செருகி, முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை அணைத்துவிட வேண்டும். இதற்கு முன்பு டீச்சர் ஃபைபர் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்திருந்தார். வந்து பார்த்த சர்வீஸ் இன்ஜினியர் கைபேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டி, "ஸ்பீடு வருதுல்ல மேடம்? நெட்ல ஒண்ணும் பிராப்ளம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணையத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டுக்குள் கருவிக்கும் கருவிக்கும் இடையே உள்ள வழி யாருடைய பொறுப்பிலும் இல்லை.

இதே ரகத்தில் இன்னொன்று, 'கெஸ்ட்' வைஃபை. வீட்டுக்கு வருகிறவர்களுக்காக வைத்த அந்தப் பெயரில் நம் கைபேசியே போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் இணைந்தவர்களுக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் கண்ணில் படா. விடுதிகளிலும் அலுவலகங்களிலும் ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். அது சரியான ஏற்பாடு. அங்கே தங்கியிருக்கும் மாணவர்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மடிக்கணினியை அதில் சேர்த்துக்கொண்டு கோப்பை அனுப்பலாம். அதற்கு டேட்டா செலவாகாது. ஆண்ட்ராய்டில் டேட்டாவை அணைத்துவிட்டே அனுப்பலாம்.

'வேண்டாம்' என்று ஒருமுறை அழுத்தினால்

நெட்வொர்க் ஒன்றுதான் என்று உறுதியான பின்பும் கணினி பதில் கொடுக்காமல் இருக்கலாம். விண்டோஸ் கணினியைப் புதிய வைஃபையில் சேர்க்கும்போது, இந்த நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளுக்கு உங்கள் கணினி தெரியலாமா என்று விண்டோஸ் 10 கேட்கும். எச்சரிக்கையான மனிதர் எவரும் 'வேண்டாம்' என்றுதான் அழுத்துவார். விண்டோஸ் 11 கேட்பதுகூட இல்லை. அதுவே பொது இடத்து நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த நிமிடத்திலிருந்து நம் வீடும் ரயில் நிலையமும் கணினிக்கு ஒன்றுதான். வைஃபையின் 'ப்ராபர்ட்டீஸ்' பக்கத்துக்குப் போய் 'பப்ளிக்' என்பதை 'பிரைவேட்' என்று மாற்றினால் பாதிப் பேருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். வீட்டு வைஃபைக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டும், காபி கடை வைஃபைக்கு அல்ல.

இன்னொரு தடை இதைவிட ஆழத்தில் கிடக்கும். புதிய செயலியை முதல் முறை திறக்கும்போது ஃபயர்வால் அனுமதி கேட்டு ஒரு சிறு பெட்டி எழும்பும். பலர் அதை மூடிவிடுவார்கள், அல்லது 'கேன்சல்' அழுத்துவார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்ததாக நமக்குத் தோன்றும். விண்டோஸோ அந்தச் செயலியைத் தடுக்கும் விதி ஒன்றை எழுதி வைத்துக்கொள்கிறது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் அந்த விதி அங்கேயே கிடக்கக்கூடும். மீண்டும் கேள்வியும் வராது. ஃபயர்வால் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, அதன் பெயருக்கு நேரே 'பிரைவேட்' கட்டத்தில் டிக் அடித்தால்தான் வழி திறக்கும். அலுவலக மடிக்கணினியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். வீட்டு நெட்வொர்க்கை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

கைபேசியிலும் இப்படி ஒரு கதவு உண்டு. 2020-ல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து, உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட விரும்பும் ஒவ்வொரு செயலியும் நம்மிடம் அனுமதி பெற வேண்டும். நல்ல விதி. விளம்பரச் செயலி ஒன்று நம் வீட்டில் என்னென்ன டிவி, என்னென்ன பிரிண்டர் இருக்கின்றன என்று துழாவ என்ன தேவை இருக்கிறது? ஆனால் ஒருமுறை மறுத்துவிட்டால், செயலி அதன் பிறகு நம்மிடம் உண்மையைச் சொல்வதில்லை. 'நீங்கள் அனுமதி தரவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கணினி கிடைக்கவில்லை' என்கிறது. ஐபோனில் 'பிரைவசி' பக்கத்தில் 'லோக்கல் நெட்வொர்க்' என்ற பட்டியலில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆண்ட்ராய்டில் பெரிய எதிரி பேட்டரி சேமிப்பு. 2015-ல் வந்த மார்ஷ்மெல்லோ பதிப்பிலிருந்து, திரை அணைந்து கைபேசி சும்மா கிடந்தால் பின்னணிச் செயலிகள் உறங்க வைக்கப்படுகின்றன. கைபேசி நிறுவனங்கள் பல இதற்கு மேலும் தங்கள் சொந்தக் கெடுபிடிகளைச் சேர்த்துவைத்திருக்கின்றன. இரவில் தானாக நடக்க வேண்டிய ஒத்திசைவு, கைபேசியைக் கையில் எடுத்துச் செயலியைத் திறந்தால் மட்டும் நடக்கிறதென்றால் காரணம் இதுதான். அந்த ஒரு செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி இருந்தால் அதையும் கொடுத்துவிட வேண்டும். கணினியும் உறங்காமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இணைப்பு கிடைத்த பிறகு ஆமை வேகத்தில் நகர்கிறது என்ற புகாருக்கு எளிய மருந்து இருக்கிறது. இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு படமும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, கைபேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து கணினிக்கு ஒருமுறை. கணினியை மட்டும் லான் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிட்டால் பாதிப் பாரம் குறையும். கைபேசியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிவிடலாம். நெருக்கமான குடியிருப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்றுதான். பத்து வீட்டுக்காரர்கள் அவற்றைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு வீடியோவில் மட்டும் வந்து வந்து நின்றுவிடுகிறதா? சேமிக்கும் வெளி ஹார்டு டிஸ்க் 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. கல்யாண வரவேற்பைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் 4கேயில் எடுத்தாலே அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் திரையின் மூலையில் தேதியையும் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி ஏதோ பழைய வருடத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்கள் தேதி பார்த்துத்தான் ஏற்கப்படுகின்றன. இரண்டு கோப்புகளில் எது புதியது என்று பல செயலிகள் முடிவுசெய்வதும் நேரத்தை வைத்துத்தான். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலும் 'சிமாஸ் பேட்டரி' என்று கேட்டால் கொடுப்பார்கள். மலிவான பொருள்.

அழிப்பதும் ஒத்திசையும்

இவ்வளவும் சரியாகி ஒத்திசைவு நடக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இரு வழி ஒத்திசைவு என்றால், இங்கே செய்தது அங்கேயும் நடக்கும். படங்கள் எல்லாம் கணினிக்குப் போய்விட்டன என்ற நிம்மதியில் கைபேசியில் இடம் பண்ண ஒரு ஆல்பத்தை அழித்தால், கணினியில் உள்ளதும் அழிந்துபோகும். செயலி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. நாம் கேட்டது வேறு. கைபேசியிலிருந்து கணினிக்கு என்று ஒரு திசையில் மட்டும் அனுப்பும்படியும், கணினிப் பக்கம் எதையும் அழிக்காதபடியும் அமைத்துவிட்டு, ஒரு சாதாரணப் படத்தைக் கைபேசியில் அழித்துச் சோதித்துப் பார்க்காமல் எந்தக் குடும்ப ஆல்பத்தையும் இந்தச் செயலிகளிடம் ஒப்படைக்கக் கூடாது. டீச்சர் வீட்டில் நான் பிடிவாதமாக நின்றது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மேகச் சேமிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கணினியும் ஹார்டு டிஸ்க்கும் ஆல்பங்களும் சேர்ந்தே முழுகின. தொலைவில் ஒரு நகல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் தொலைவில் உள்ள நகலே ஒரே நகலாக இருப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது. மைஸ்பேஸ் தளம் சர்வர் மாற்றும்போது, 2016-க்கு முன்பு பயனர்கள் ஏற்றிய பாட்டுகளும் படங்களும் தொலைந்துபோனது 2019-ல் வெளியே தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ள படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகிறார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. துக்கத்திலும் வேலைகளிலும் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. அவர் எடுத்த படங்களும் பதிவுசெய்த குரல்களும் அந்தக் கணக்கில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தால் அந்த நிலை வராது.

என்ன கேட்க வேண்டும்?

முதலில், காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். தனக்கு அனுமதி மறுக்கப்பட்டிருப்பது கைபேசிச் செயலிக்குத் தெரியும். தான் 'பப்ளிக்' முறையில் இருப்பது கணினிக்குத் தெரியும். கைபேசியின் முகவரி 192.168.1-ல் தொடங்குவது அந்தச் செயலிக்குத் தெரியும். கணினியின் முகவரி 192.168.0-ல் தொடங்குவது கணினியில் உள்ள அதன் ஜோடிக்குத் தெரியும். இரண்டு திரைகளிலும் இதை ஒரு வரியில் காட்டுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. 'கருவி கிடைக்கவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வது வெறும் சோம்பல். அந்தச் சோம்பலின் விலையை மாதச் சந்தாவாகக் கட்டுவது நாம்.

ஒரே நிறுவனத்தின் கருவிகளை வாங்கினால்தான் எல்லாம் ஒத்துழைக்கும் என்ற நிலையும் மாற வேண்டும். 2011-ல் வந்த, கோப்புகளை அனுப்பும் ஏர்டிராப் வசதி ஆப்பிள் கருவிகளுக்குள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், அருகில் உள்ள கருவிகளுக்குக் கம்பியின்றிக் கோப்பு அனுப்புவது உள்ளிட்ட வசதிகளை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஆப்பிளுக்கு வரையறுத்து உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 கைபேசிகளை ஏர்டிராப்போடு பேசவைத்துக் காட்டியது. பல வருடங்களாக இல்லாத வழி இப்படித்தான் உண்டாகிறது.

நம் சட்டங்கள் இந்த விஷயத்தில் பின்னோக்கிப் போயிருக்கின்றன. 2019-ல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், நம் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொண்டு போகும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது சட்டமாக வந்தால், பயனரின் கோப்புகளை அவருடைய இன்னொரு கருவிக்கு சர்வர் இல்லாமல் நேரடியாக அனுப்பும் வழியைப் பெரிய நிறுவனங்கள் அடைக்கக் கூடாது என்பது அதில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

அந்த வழியை இன்று காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிங்க்திங், கேடிஇ கனெக்ட், லோக்கல்சென்ட் போன்றவை இலவசமாகவும் மூலநிரல் திறந்தும் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் பெரும்பாலும் ஒத்துவரும். சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024-ன் இறுதியில் நிறுத்தப்பட்டது. பிளே ஸ்டோரில் வெளியிடுவது மிகக் கடினமாகிவிட்டதும், தொடர்ந்து பராமரிக்க ஆள் இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வேறு சிலர் அதன் கிளையை எடுத்து நடத்திவருகிறார்கள். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கணினி வாங்கிக் கொடுக்கும் மாநில அரசு இந்தத் திட்டங்களுக்கு ஒரு சிறு தொகையையும், தமிழ் இடைமுகத்தைச் சரிபார்க்க நான்கு பேரையும் ஒதுக்கினால் அது வீண்செலவு ஆகாது.

ஃபைபர் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது இதைவிடச் சிறியது. புதிய இணைப்பு கொடுக்க வரும் இன்ஜினியர் வேகத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார். அந்தப் படிவத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் சேரட்டும்: வீட்டில் வேறு ரவுட்டர் இருக்கிறதா, இருந்தால் அது ஆக்சஸ் பாயின்டாக மாற்றப்பட்டதா? வீட்டுக் கைபேசியிலிருந்து வீட்டுக் கணினிக்கு ஒரு படம் போய்ச் சேர்ந்ததா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிய பிறகே இணைப்பு முடிந்ததாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லலாம். டீச்சர் வீட்டில் அதைச் சரிசெய்ய ஒரு மதியப் பொழுதுகூட ஆகவில்லை. அதைச் செய்யத் தெரிந்தவரை அந்த வீட்டுக்கு அனுப்பும் கடமை இன்றைக்கு யாருக்கும் இல்லை.